எட்டுக் கிலோ நாயும் பத்தொன்பது சனிக்கிழமைகளும்

பக்கத்து வீட்டுக்காரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவோம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

கிள்ளானில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சுவருக்கு மேலே கறிவேப்பிலையும் தீபாவளி முறுக்கும் கிறிஸ்மஸ் கேக்கும் போய்வந்துகொண்டிருந்தன. அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை அக்கா என்பேன். யார் மூத்தவள் என்பதை இருவருமே இன்றுவரை வெளியே விடவில்லை. முகத்துக்கு நேரே அக்கா, மனத்துக்குள் அவள். இந்த எழுத்தில் மனத்துக்குள் இருப்பதையே வைத்துக்கொள்கிறேன்.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் முப்பது வருடம் பத்திரம் சரிபார்த்தவள். பெட்டிக்குள் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் வேலை. தாளில் நீலம் என்று போட்டுவிட்டு உள்ளே பச்சை இருந்தால் கண்டெய்னர் கேட்டைத் தாண்டாது. எங்கள் ஆட்களின் தாளில் பிழை இருந்தால் உடனே கூப்பிட்டுத் திருத்தச் சொல்வேன். மரியாதை தெரியாத வெளி ஏஜென்ட் யாராவது பிழையான தாளோடு வந்து மேஜையைத் தட்டினால் மட்டும் வாயே திறக்க மாட்டேன். போகட்டும், சுங்கத்துறைக் கவுன்டர்வரை போகட்டும் என்று விட்டுவிடுவேன். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவன் திரும்பி வருவதைப் பார்த்தபடி தேநீர் குடிப்பேன். அந்தத் தேநீரின் ருசியே தனி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தக் குணத்துக்குத் தீனி இல்லாமல் போயிருந்தது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் நானும் ஒரு நாயும்தான். எந்த ஜாதி என்று சொல்ல முடியாத கலப்பு. என் முழங்காலுக்குக் கீழே நிற்கும், காது மட்டும் பெரிய நாயிடம் கடன் வாங்கியதுபோல இருக்கும். அப்போது அதற்கு ஒன்பது வயது. மூக்கிலிருந்து வால்வரை கறுப்பு. அடிவயிற்றில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. மல்லாந்து படுத்தால்தான் தெரியும். என் குட்டி என்னைத் தவிர வேறு யார் முன்னாலும் மல்லாந்து படுத்தது கிடையாது.

ஒரு நாள் குளிப்பாட்டும்போது பால்காம்பு ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஏதோ கையில் தட்டியது. மறுநாள் காலையிலேயே தூக்கிக்கொண்டு ஓடினேன். கிளினிக்கில் இருந்த மருத்துவர் என் தங்கை மகள் வயதுப் பெண். நம் பெண்தான். குட்டியைத் தராசில் நிறுத்தி, மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆன்டி, இது நாயா, ஸ்டூலா? முதுகுல கப் வெச்சா நிக்கும் போலிருக்கே."

எட்டு புள்ளி நான்கு கிலோ. எனக்குச் சுருக்கென்றது. அவள் என் கையைப் பிடித்து விரித்தாள். புறங்கையைத் தடவச் சொன்னாள். எலும்பு தோலுக்குக் கீழே இலேசாகத் தெரிந்தது. "விலா இப்படித் தெரியணும்" என்றாள். பிறகு உள்ளங்கையைத் தடவச் சொன்னாள். மெத்து மெத்தென்று இருந்தது. "உங்க குட்டிக்கு இப்படி இருக்கு. சதைக்குள்ள விலாவைத் தேட வேண்டியிருக்கு."

பிறகு முகம் மாறிப் பேசினாள். "இந்தக் கட்டிய எடுத்தே ஆகணும் ஆன்டி. இப்ப சின்னதா இருக்கு, இப்ப எடுத்தா நல்லது. ஆனா இந்த வெயிட்ல மயக்க மருந்து கொடுக்க எனக்குப் பயமா இருக்கு. சும்மா நிக்கும்போதே மூச்சு எப்படி இழுக்குது பாருங்க. ரெண்டு மாசம் டைம். ஆறரை கிலோவுக்குக் கொண்டு வாங்க, நான் எடுத்துர்றேன்."

குற்றம் என் மேலும் இருந்தது, அதை மறைக்கவில்லை. காலையில் தோசை ஓரம், பத்து மணிக்கு என் தேநீரில் நனைத்த மேரி பிஸ்கெட், மத்தியானம் மீன் முள்ளை எடுத்துவிட்டு ஒரு வாய் சோறு. இதையெல்லாம் நான் உணவாகவே நினைத்ததில்லை. எட்டுக் கிலோ உடம்புக்கு ஒரு பிஸ்கெட் என்பது நமக்கு ஒரு பிஸ்கெட் இல்லை, அரைத் தட்டுச் சோறு என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சமையல் தராசை எடுத்து வைத்தேன். அன்றிலிருந்து நாய்த்தீனி கிராம் கணக்கில். கெஞ்சினால் வேகவைத்த பீன்ஸ், ரொம்பக் கெஞ்சினால் வெள்ளரிக்காய். முதல் நாள் வெள்ளரிக்காயை முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு யாருக்கோ வர வேண்டிய பார்சல் தன் வீட்டுக்கு வந்துவிட்டது போல அது என்னைப் பார்த்தது. காலையும் மாலையும் திடலைச் சுற்றி நடை. நானும் பிஸ்கெட்டை விட்டேன். அதன் கண் முன்னால் நான் மட்டும் மெல்லுவது நியாயமில்லை.

முதல் மாதம் ஏழு புள்ளி எட்டுக்கு வந்தது. தராசின் பக்கத்தில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். அடுத்த இரண்டு வாரத்தில் நான் ஒரு பருக்கைகூடக் கூட்டவில்லை; எடை மட்டும் எட்டுக்கு ஏறியிருந்தது.

"ஆன்டி, யாரோ கொடுக்கிறாங்க" என்றாள் மருத்துவர்.

"எங்க வீட்ல யாரு இருக்கா கொடுக்க? நான்தான் இருக்கேன்."

"அப்ப நீங்கதான் கொடுக்கிறீங்க."

கோபத்தில் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் புலம்பல். முப்பது வருடம் கிராம் பிசகாமல் எடைச் சீட்டு பார்த்தவளிடம் இந்தப் பெண் இப்படிச் சொல்கிறாளே என்று.

அந்த வாரச் சனிக்கிழமை எனக்கு மாதா கோயிலில் வாசகம் வாசிக்கும் முறை. சனிக்கிழமைச் சாயங்காலத் திருப்பலிக்கு நான் தவறாமல் போகிறவள் என்பது தெருவுக்கே தெரியும். பாதி வழியில்தான் படிக்கிற கண்ணாடியை மேஜையிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்து காரைத் திருப்பினேன். கேட்டைத் திறந்ததும் குட்டி ஓடி வரவில்லை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால், சுவரின் அடியில் மழைத் தண்ணீர் ஓட விட்டிருந்த ஓட்டைக்கு முன்னால் அது நின்றுகொண்டிருக்கிறது. ஓட்டை வழியாக ஒரு வாழையிலைத் துண்டு நீண்டிருக்கிறது. இலையில் தயிர்சாதம், கறுப்பு எள், நல்லெண்ணெய் மினுக்கும் இரண்டு உளுந்து வடை. சுவருக்கு அந்தப்பக்கம் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு அவள்.

"என்னக்கா, பூசைக்குப் போகலையா?" என்றாள். திருடுகிற ஆள் வீட்டுக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது?

"என்னக்கா இது?" என்றேன்.

"பைரவருக்கு அக்கா. பிரிக்பீல்ட்ஸ் ஜோசியர் சொன்னாரு. சனிக்கிழமை சனிக்கிழமை கறுப்பு நாய்க்கு வைக்கணும், பத்தொன்பது வாரம். இன்னையோட ஏழு. எல்லாம் மகளுக்காகத்தான்."

மகள் கல்யாணமாகிப் பூச்சோங்கில் இருந்தாள். மாமியார் தொல்லையோ, வேலைத் தொல்லையோ, எனக்கென்ன என்று நான் கேட்கவில்லை.

"என் நாய்க்கு ஆபரேஷன் இருக்கு அக்கா. வெயிட்டு குறையலைன்னா கட்டிய எடுக்க மாட்டேன்னுட்டாங்க. ஊர்ல வேற நாயே இல்லையா?"

"ரெண்டே வடைதான் லா அக்கா, அதுக்குப் போயி! பின்னால லோரோங் சந்துல இருந்த கறுப்பு ரெண்டையும் முனிசிபல்காரங்க பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. அதோட ஜோசியர் கண்டிசனா சொல்லிட்டாரு. முழுக் கறுப்பா இருக்கணுமாம், ஒரு வெள்ளை மயிர்கூட இருக்கக் கூடாதாம். இருந்தா வெச்சது எதுவும் செல்லாது, மறுபடியும் முதல்லேருந்து. உங்க குட்டி மாதிரி சுத்தக் கறுப்பு எங்கக்கா கிடைக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தேன். 'அக்கா, அதுக்கு அடிவயித்துல வெள்ளை இருக்கு' என்ற ஒரு வரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அவள், "ஒரு வாயில்லா ஜீவன் ஆசையா சாப்பிடுது, அதைப் போய்ப் பட்டினி போடறீங்களே அக்கா, பாவம் இல்லையா?" என்றாள். பட்டினியாம். நான் கிராம் கணக்கில் அளந்து, என் பிஸ்கெட்டையும் விட்டு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதன் பின்னால் திடலைச் சுற்றுவது இவளுக்குப் பட்டினி. ஏழு வாரம் நான் சாமி கும்பிடப் போன நேரம் பார்த்து என் நாய்க்கு எண்ணெய் வடை போட்டுவிட்டு, எனக்குப் பாவ புண்ணியம் சொல்கிறாள்.

வாயை மூடிக்கொண்டேன். தாள் தப்பாக இருக்கிறது, போகட்டும், கவுன்டர்வரை போகட்டும் என்று எனக்குள்ளே ஒன்று சொல்லிற்று. பத்தொன்பதும் முடியட்டும். முடித்துவிட்டு, பெரிய காரியம் சாதித்த முகத்தோடு வந்து நிற்பாள் அல்லவா, அன்றைக்குச் சொல்கிறேன். வயிறெரிந்து போகட்டும்.

"சரிக்கா" என்றேன் சிரித்துக்கொண்டே. "சாமி காரியம், நடுவுல நிறுத்த வேணாம். ஆனா ஒரு ஸ்பூன் தயிர்சாதம்தான். வடை வேணாம், எண்ணெய் வேணாம்."

"உங்களுக்குப் பெரிய மனசுக்கா" என்றாள். அன்று வாசகத்தை நான் ஒரு தடுக்கலும் இல்லாமல் வாசித்தேன்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் புனிதர்களின் படம் போட்ட நாள்காட்டி தொங்கும். அதில் சனிக்கிழமைகளுக்குப் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட ஆரம்பித்தேன். எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொரு கோட்டுக்கும் அவள் முகம் எப்படி விழும் என்று கற்பனை செய்துகொள்வேன். ஒரு வாரம் அவள் அழுவாள், ஒரு வாரம் வாயடைத்து நிற்பாள், ஒரு வாரம் ஜோசியரைப் பிடித்து உலுக்கப் போவாள். பீன்ஸ் நறுக்கும்போதும் அதே நினைப்பு, நடக்கும்போதும் அதே நினைப்பு. வயதான காலத்தில் இவ்வளவு சுறுசுறுப்பாக நான் இருந்தது அந்த மாதங்களில்தான்.

எடை ஏழு புள்ளி ஏழுக்கு வந்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமை திருப்பலி முடிந்து வந்து குட்டியைத் தூக்கினால் மீசையில் நல்லெண்ணெய் வாசனை. ஒரு ஸ்பூன் என்று நான் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, ஜோசியர் சொன்னபடி வடையும் எண்ணெயும் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் அவள் தாள் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் நிறுத்திவிடுவாள், நிறுத்திவிட்டால் பத்தொன்பது எப்படி முடியும்? அந்த இரண்டு வடைக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை திடலை இன்னும் இரண்டு சுற்று நடத்தினேன். குட்டிக்கு மூச்சு வாங்கும். நின்று நின்று நடக்கும்.

பதினைந்தாவது கோடு போட்ட வாரம் மருத்துவர் கட்டியைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ரெண்டு மாசம் தாண்டிருச்சு ஆன்டி. வளந்திருக்கு. வெயிட்டு ஏன் குறைய மாட்டேங்குது? வீட்ல என்னதான் நடக்குது?"

"நான் பார்த்துக்கிறேன் டாக்டர்" என்றேன். இன்னும் நாலே வாரம் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன். நாலு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

பதினேழாவது சனிக்கிழமை தேய்பிறை அஷ்டமியும் சேர்ந்து வந்தது. பைரவருக்கு விசேஷமான நாளாம், கோயிலில் வடைமாலை சாற்றியிருக்கிறார்கள். அந்த மாலையிலிருந்து நாலு வடையை எடுத்துவந்து, நெய் ஊற்றிய பொங்கலோடு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பார்த்தால் கூடம் முழுக்க வாந்தி. குட்டி முன்னங்காலை நீட்டித் தலையைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. வயிற்று வலி வந்தால் நாய் அப்படித்தான் நிற்குமாம். எனக்கு அப்போது அது தெரியாது. விளையாடக் கூப்பிடுகிறது என்று நினைத்துப் பந்தை எடுத்துவந்தேன். அதை நினைத்தால் இன்றும் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

"கணையம் வீங்கியிருக்கு" என்றாள் மருத்துவர். "எண்ணெய்ப் பலகாரம் ஏதாவது சாப்பிட்டுச்சா?" நான் ஆமாம் என்றேன். யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. மூன்று நாள் டிரிப் போட்டுக் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டார்கள். கம்பிக் கூண்டுக்குள் கை விட்டால் விரலை ஒரு தடவை நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுக்காரி கேட்டருகே வந்து அழுதாள். "அஷ்டமி ஆச்சேன்னு வெச்சேன் அக்கா. இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? சத்தியமா தெரியாதுக்கா."

கழுத்தை நெரிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் பதினேழு வாரம் போனால் அவளுக்கு வலிக்கும். பத்தொன்பதும் போனால்தான் செத்துப் பிழைப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லக்கா. இன்னும் ரெண்டு வாரம்தானே, முடிச்சிருங்க. நானே பக்கத்துல நிக்கிறேன்" என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பதினெட்டும் பத்தொன்பதும் என் கண் முன்னாலேயே நடந்தன. இரண்டு சனிக்கிழமையும் நான் கோயிலுக்குப் போகவில்லை. எண்ணெய் படாத ஒரு ஸ்பூன் தயிர்சாதத்தை அவள் இலையில் வைப்பாள். குட்டி முகர்ந்து பார்க்கும். நான் குனிந்து, "சாப்பிடு, என் தங்கம்" என்று ஊட்டிவிடுவேன். அதற்குப் பசியே இல்லாமல் போயிருந்தது. என் வார்த்தைக்காகத்தான் நக்கியது.

எடை தானாகவே இறங்கியது. ஆறு புள்ளி ஒன்பது, ஆறு புள்ளி நான்கு. தராசில் அந்த எண்ணைப் பார்ப்பதற்காக எத்தனை மாதம் ஏங்கியிருக்கிறேன்! மருத்துவர் கை தட்டவில்லை. "இப்படிக் குறையக் கூடாது ஆன்டி" என்று மட்டும் சொன்னாள். விலா எலும்பு இப்போது நன்றாகவே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஒரு கட்டி என்று திறந்தவர்கள் மூன்று பார்த்தார்கள். இரண்டை எடுத்தார்கள். மூன்றாவது எடுக்கிற இடத்தில் இல்லை, படமெடுத்துப் பார்த்ததில் நுரையீரலிலும் புள்ளி இருந்தது. அந்தப் பெண் என் தோளில் கை வைத்து, "முதல்ல சொன்னோமே, அந்த ரெண்டு மாசத்துக்குள்ள எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கோயிலில் அபிஷேகம் செய்து பரிகாரத்தை முடித்துவிட்டு, முதல் பிரசாதத்தை என் வீட்டுக்குத்தான் கொண்டுவருவேன் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

சொன்னபடியே வந்தாள். பட்டுச்சேலை, தலையில் பூ, கையில் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம் நிறையச் சர்க்கரைப் பொங்கல். கூடத்தில் உட்காரவைத்தேன். குட்டி பழைய போர்வையில் படுத்திருந்தது.

"முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன் அக்கா" என்று குரலைத் தாழ்த்தினாள். "மகளுக்கு நாலு மாசம். ரெண்டு தடவை தங்காம போயிருச்சு, யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. இந்தத் தடவை பரிகாரம் முடியற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். உங்க குட்டி புண்ணியத்துல..."

மகளுக்காக என்று அவள் ஏழாவது வாரம் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் சொன்னேன். இதை மறைக்கப் போவதில்லை. ஒரு நிமிடம் தயங்கினேன் என்று எழுதினால் அது பொய்.

குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெல்லத் தடவிக் கொடுத்தேன். என் கை பட்டதும் வழக்கம்போல் மல்லாந்து படுத்தது. சவரம் செய்த வயிற்றில் நீளமாகத் தையல். தையலுக்கு ஒரு விரல் தள்ளி, மழிக்காமல் விட்ட இடத்தில் அந்த வெள்ளைத் திட்டு.

"பாருங்கக்கா. நல்லா கிட்ட வந்து பாருங்க. இது உங்க வடை பண்ணின வேலை. கட்டி நெஞ்சு வரைக்கும் போயிருச்சு, இது இனிமே பிழைக்காது. அப்புறம் இதையும் பாருங்க. வெள்ளை. பொறந்ததிலேருந்து இருக்கு. ஒரு வெள்ளை மயிர்கூட இருக்கக் கூடாதுன்னு சொன்னாரே உங்க ஜோசியர்? பத்தொன்பது வாரமும் செல்லாது. ஒண்ணுகூடச் செல்லாது."

நான் கற்பனை செய்து வைத்திருந்த முகங்களில் எதுவும் வரவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, பட்டுச்சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த வெள்ளையையே பார்த்தாள். அப்புறம் தையலைப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். அந்தப் பழைய தேநீரின் ருசி.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லோரி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வயிறுவரை புரட்டிப் பார்த்துக் கறுப்பு நாய் ஒன்றைக் கண்டுபிடித்து, அடுத்த சனிக்கிழமையே மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள், குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் அது அழுகிற சத்தம் இப்போதும் கேட்கிறது. என் குட்டி அதன் பிறகு நான்கு மாதம்தான் இருந்தது. கடைசியில் ஐந்து கிலோகூட இல்லை. சமையல் தராசிலேயே நிறுத்தியிருக்கலாம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், வேறு ஏதாவது உண்டா என்று பாதர் கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் அழுதிருந்தால், என்னைச் சபித்திருந்தால், எனக்கு எல்லாம் சரியாகப் போயிருக்கும். அவள் தலையைத் தூக்கினாள். கோபமே இல்லை. புரியாத பாடத்தைக் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டாள்.

"நீங்கதானே தினமும் குளிப்பாட்டி விடறீங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"நான் முழுக் கறுப்புன்னு சொன்ன அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. வெள்ளை இருக்குன்னா நான் ஏன் அதுக்கு வைக்கப் போறேன்? அன்னையோட நிறுத்தியிருப்பேனே. ஏழாவது வாரத்துலயே நிறுத்தியிருப்பேனே. உங்க குட்டிக்கும் இப்படி ஆகியிருக்காதே. ஏங்க்கா சொல்லல?"

குட்டி இன்னும் மல்லாந்தே கிடந்தது, நான் தடவுவேன் என்று. என் கை அதன் வயிற்றின் மேல் அப்படியே நின்றுவிட்டது. ஏழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் பன்னிரண்டு சனிக்கிழமை. பன்னிரண்டுக்கும் பென்சிலால் கோடு போட்டவள் நான்தான். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். பதில் என்னிடம் இருந்தது. நீ அழுவதைப் பார்ப்பதற்காக என் நாயைப் பந்தயமாக வைத்தேன் என்பதுதான் பதில். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.